இழுத்தால் எரியும் பலகை

சீதேவிப்பிள்ளை ரோச்லைற் பல்புகளுக்கு நகப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். பெரியகல்லாற்றில் சிவப்புப் பல்பு கேட்டால் கடைக்காரன் ஆளை ஏற இறங்கப் பார்ப்பான். நகப்பூச்சு கேட்டால் பார்க்கமாட்டான். நாற்பத்தைந்து வயதில் இவளுக்கு இதொரு ஆசை என்று மட்டும் நினைத்துக்கொள்வான். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்கழி. எதை வாங்கினாலும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

பதினான்கு பல்புகளையும் மண் நிரப்பிய தகரப் பேணியில் நட்டுக் காயவிட்டாள். பிறகு பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஈய ஒட்டு ஒன்றும் விடவில்லை. விடவும் மாட்டாது. இந்த வேலையில் அவளுக்கு இருபத்தொரு வருடப் பழக்கம்.

இருபத்தொரு வருடமும் தபால் கந்தோரில் ரெலிபோன் ஒப்பரேற்றர். ஊருக்குள் வந்த அழைப்பெல்லாம் அவள் கையால்தான் போனது. பிறப்பு, சாவு, கப்பல் வேலைக்குப் போனவனின் அழுகை, எல்லாம். கலியாணம் பேசி வந்த இரண்டு இடமும் இரவு வேலை என்றதும் திரும்பிப் போயின. அதற்காக அவள் வேலையை விடவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டபோது லைன் அறுந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்ட்டை யாரோ கோடரியால் கொத்திப் போட்டிருந்தார்கள். மிச்சம் கந்தோரின் பின்பக்கத்தில் இரண்டு மாரி நனைந்தது. மூன்றாவது மாரிக்கு முன்பு, லைன் போடத் தட்டுகிற சாவிகளில் கெட்டுப் போகாதவற்றையும் பல்புக் குழிகளையும் பொறுக்கி ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. குப்பைக்கு யாரிடம் கேட்பது? சம்பளம் நிற்கவில்லை. முத்திரை விற்றாள்.

அந்தச் சாவிகள்தான் இப்போது பலகையில் இருந்தன.

வாவிக்கு அந்தப்பக்கம், போராளி இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையில், கன்னியாஸ்திரிகள் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்று நடத்தினார்கள். ஆசுபத்திரி அனுப்பிவிட்ட, ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத பிள்ளைகள். கால் இல்லாதது, கை இல்லாதது, புண் ஆறாதது. பதினான்கு கட்டில். பொறுப்பில் தாதிப் படிப்புப் படித்த ஒரு சிஸ்டர், பணிவிடைக்குப் புஸ்பம் என்று ஒருத்தி. அவ்வளவுதான். வாசலடி மேசைதான் புஸ்பத்தின் இடம்.

கார்த்திகையில் நிவாரண நிறுவனத்துக்காரர் ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் ட்ரக்டரில் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் படம் போட்டார்கள். வெள்ளைக்காரரின் நத்தார்ப் படம், கிறிஸ்மஸ் கிழவனின் கதை. முழுக்க இங்கிலீசு. ரெலிபோன் ஒப்பரேற்றருக்கு இங்கிலீசு தெரியும், கதையைச் சொல்லிக் கொடுப்பாள் என்று சிஸ்டர் சீதேவிப்பிள்ளைக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

படம் தொடங்கி அரை மணித்தியாலமாகியும் அவள் வாய் திறக்கவில்லை.

"அக்கா, அந்தக் கிழவன் என்ன சொல்றான்?" என்றது ஒரு பிள்ளை.

"பொறு புள்ள, கேக்கிறன்."

"இங்கிலீசு தெரிஞ்ச ஆள் எண்டு கூட்டி வந்தா, இவவும் நம்மளப்போல வாயப் பாத்துக்கொண்டு இரிக்கா" என்றாள் புஸ்பம்.

"எனக்குத் தெரிஞ்சது ரெலிபோன் இங்கிலீசுகா. இவங்கள்ல ஒருத்தனும் நம்பர் கேக்கல்லயே."

பிள்ளைகள் சிரித்தன. சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. படத்தில் ஒரு பலகை வந்திருந்தது. பனிக்கட்டி தேசத்தில் சிவப்புச் சட்டைக் கிழவன் வீட்டுச் சுவர் முழுவதும் ஒரே பலகை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே பெயர். பிள்ளை நல்லது செய்தால் பச்சை, கெட்டது செய்தால் சிவப்பு. உயரமான கதிரையில் ஒரு குள்ளன் இருந்து ஒரு பெரிய பிடியை இழுப்பான். சிவப்புப் பிள்ளையின் பரிசு மூட்டை ஒரு குழிக்குள் விழுந்து மூடிக்கொள்ளும். கதை முழுக்க அந்தப் பலகையைச் சுற்றித்தான். பேச்சு விளங்கவில்லை. ஆனால் பலகை அவளுக்கு எழுத்துக்கு எழுத்து விளங்கியது. விளங்க விளங்கக் கோபம் வந்தது.

படம் முடிந்து பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கும்போது சிஸ்டரிடம் சொன்னாள்:

"அந்தப் போர்ட்டச் செய்தவன் ஒரு நாளும் போர்ட்டுக்கு முன்னால இருந்து வேலை செய்யல்ல, சிஸ்டர். பாக்கிறவனுக்குச் செய்த போர்ட் அது. ஒரு பல்பு பீஸ் போனா எப்படித் தெரியும்? இருட்டாக் கிடந்தா அந்தப் புள்ள நல்ல புள்ளயா, கெட்ட புள்ளயா, செத்துப்போச்சா? நாங்க காலையில வந்த உடன முதல் வேலை எல்லா லைற்றையும் அமத்திப் பாக்கிறது. அவன் ஒருக்காவும் பாக்கல்ல. மேல் வரிசையில பேர் வாசிக்க ஏணி வேணும். ஏணி ஒண்டுதான் இரிக்கி. பிடியும் ஒண்டுதான். அதே பிடியாலதான் மூட்டை போற, அதே பிடியாலதான் குழி மூடுற. கை தவறினா என்ன செய்யிற?"

"நீங்க கதையப் பாக்கவே இல்லயா?" என்றார் சிஸ்டர்.

"கதையத்தான் சொல்றன். எல்லாத்தையும் விடப் பெரிய பிழை ஒண்டு இரிக்கி. பலகையில இத்தனை லட்சம் புள்ளையள். ஒண்டாவது அந்தக் கிழவனக் கூப்பிட ஏலுமா? ஏலாது. லைன் ஒரு பக்கம்தான். அவன் பாப்பான், அவன் தீர்ப்பான். புள்ளைக்குப் பேச வழி இல்ல. அது போர்ட்டா?"

அவள் பேசிக்கொண்டே பதினான்காவது கட்டிலைப் பார்த்தாள். மண்டபத்தின் கடைசிக் கட்டில். அதில் சுலோஜினி கிடந்தாள். ஒன்பது வயது. ஷெல் துண்டு தாடையைப் பிளந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நீராகாரம் குழாயால். சத்தம் வராது. மூன்று கிழமைக்கு முன்பு மூத்திரம் முட்டி, புஸ்பத்தைக் கூப்பிட வழியில்லாமல் தானே இறங்கப் போய் விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. இப்போது இடுப்புவரை மாக்கட்டு. விழுந்த பிறகு சிஸ்டர் அவளுக்கு மட்டும் பால்மாப் பேணிக்குள் கல்லுப் போட்டுக் குலுக்கக் கொடுத்தாராம். மற்றப் பதின்மூன்றும் தங்களுக்கும் வேண்டும் என்று அழ, எல்லோருக்கும் கொடுத்தார். மூன்றாம் நாள் யார் குலுக்குவது, எதற்குக் குலுக்குவது என்று தெரியாமல் எல்லாப் பேணியையும் பறித்துவிட்டார்.

"நத்தாருக்கு அந்த மாதிரி ஒரு பலகை செய்து தர ஏலுமா?" என்று சிஸ்டர் கேட்டார். "புள்ளையளுக்கு ஆசையாக் கிடக்கு. படம் போட்டவங்க ஒரு ட்ரக்டர் பற்றறி அனுமதியோட தந்திருக்காங்க."

"செய்து தாறன். ஆனா அந்த மாதிரி இல்ல. திருத்தி."

திருத்தியதுதான் அவள் வீட்டில் இப்போது காய்ந்துகொண்டிருந்தது. பதினான்கு பல்பு, பதினான்கு பெயர். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வயர் போகும். வயரின் முனையில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் புஸ்பத்தின் மேசையில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு எரியும். போய்ப் பார்த்துவிட்டுச் சாவியைத் தட்டினால் அணையும். பச்சை கிடையாது. நல்ல பிள்ளைக்கு விளக்கு எதற்கு? கூப்பிடுகிற பிள்ளைக்குத்தான் விளக்கு.

மார்கழி பதினான்காம் தேதி, நத்தாருக்குப் பதினொரு நாள் முன்பு, பலகையையும் நூற்றிருபது யார் நீள வயரையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு தோணித் துறைக்குப் போனாள். பற்றறி ஒன்றும் கொண்டுபோகவில்லை. படுவான்கரைக்குப் பற்றறி கொண்டுபோகக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்துக்கு விரோதமாகத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றே அவள் நம்பினாள்.

சோதனையில் நின்ற படையாள் சாக்கை அவிழ்த்தான். பலகையைப் பார்த்தான். வயரைப் பார்த்தான். பிறகு அவளைத் தொடாமல், துவக்குக் குழலின் முனையால் மணலில் ஒரு இடத்தைக் காட்டினான். அதில் இருத்தினான். அன்று பின்னேரம் அவளை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

முகாமின் பொறுப்பதிகாரி சத்தம் போடாத மனிதர். கண்ணாடி போட்டிருந்தார். எதையும் எழுதிக்கொண்டே கேட்பார். தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க முஹம்மட் என்ற பொலிஸ்காரனை வைத்திருந்தார். பக்கத்து ஊர் ஆள், முப்பது வயதிருக்கும்.

"இந்த வயர எவடத்த கொண்டு போற எண்டு கேக்காரு" என்றான் முஹம்மட்.

"கட்டிலுக்கு."

"அங்கால நிண்டு இழுத்தா?"

"இஞ்சால லைற் எரியும்."

முஹம்மட் மொழிபெயர்க்காமல் அவளைப் பார்த்தான். "அக்கா, இத அப்படியே சொல்லட்டா? இல்லாட்டி வேற என்னவும் சொல்லப் போறீங்களா?"

"உள்ளதத்தான் சொல்றன்."

"அதுதான் கரைச்சல்" என்றுவிட்டுச் சொன்னான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார். தூரத்தில் நின்று இழுக்கிற கயிறு. மறுபக்கத்தில் வேலை செய்கிற மின்சாரம், கண்ணிவெடிக்குப் போல. கீழே பதினான்கு பெயர். பதினான்கு பேரும் யார் என்று கேட்டார். நோயாளிப் பிள்ளைகள் என்றாள். அவர்கள் எந்த இயக்கம் என்று கேட்டார். ஆக மூத்ததுக்குப் பன்னிரண்டு வயது என்றாள். பன்னிரண்டு வயதிலும் இயக்கத்தில் இருக்கிறார்கள் என்று அவர் அமைதியாகச் சொன்னார். அது பொய்யில்லை.

அப்போதுதான் அந்தப் பிழையை விட்டாள்.

"இது நத்தார்ப் படத்தில வாற பலகை. படத்தப் பாத்துத்தான் செய்தன். நம்பாட்டி படத்த எடுத்துப் பாருங்க."

நம்பாவிட்டால் பார்க்கட்டும் என்று சொல்பவர்கள், பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொல்வார்கள். இந்த அதிகாரி பார்க்கிற ஆள். நிவாரண நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி கசற்றை வரவழைத்தார். அது வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவளை ஒரு அறையில் வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று பிறகு ஊரில் கேட்டார்கள். அடிக்கவில்லை. ஒரு பகல் முழுவதும் கொதிமணலில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். தோல் உரிந்து நீர் கோத்து, இடது முழங்கால் பிறகு ஒரு நாளும் முழுதாக மடங்கவில்லை.

ஆறாம் நாள் அவளைக் கூப்பிட்டபோது மேசையில் ரீவி இருந்தது. சுவரெல்லாம் பல்பு எரிகிற காட்சியில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதிகாரி ஒரு தாளின் நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் படத்துப் பலகையையும் மறுபக்கம் அவளுடைய பலகையையும் வரைந்திருந்தார். நல்ல கை. பல்புக் குழிகூடச் சரியாக இருந்தது. தன் வேலையை இவ்வளவு கவனமாக ஒருவர் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் பட்டது.

"படத்தில பச்சை இரிக்கி. உங்கடதில ஏன் இல்ல எண்டு கேக்காரு."

"பச்சை தேவையில்ல."

"படத்தில கதிரையில இருக்கிறவன்தான் லைற் போடுறான். உங்கடதில கட்டில்ல கிடக்கிறவன் போடுறான். ஏன் மாத்தின எண்டு கேக்காரு."

"படத்தில உள்ளது பிழையான போர்ட்."

முஹம்மட் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அல்லாவுக்காக, அது நல்ல போர்ட் எண்டு சொல்லிட்டு விடுங்க. மாத்தின மறதியில எண்டு சொல்லுங்க."

"மறதியில ஆரும் பதினாலு லைனத் திருப்பி இழுப்பாங்களா? உள்ளதச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். பீஸ் போன பல்பு, ஒரே ஏணி, ஒரே பிடி, பேச வழியில்லாத பிள்ளைகள். சிஸ்டருக்குச் சொன்னதையெல்லாம் சொன்னாள். இன்னும் கூடவும் சொன்னாள். அடக்க முடியவில்லை. ஐந்து வருடமாக அவளிடம் யாரும் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். முஹம்மட் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"சின்னப் புள்ளையள்ர படத்தில வாற ஒரு விளையாட்டுச் சாமான். அதத் திருத்தவேண்டிய தேவை ஒரு தபால் கந்தோர்க்காரிக்கு என்னத்துக்கு வந்த எண்டு கேக்காரு."

அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த ஒரே பதில் சுலோஜினி. சொன்னாள். சுலோஜினி வாவிக்கு அந்தப்பக்கம் இருந்தாள். அங்கே போய்ப் பார்க்க அவரால் முடியாது.

எட்டாம் நாள் சிஸ்டர் விடுதிக் கொப்பியையும் ஆயரின் கடிதத்தையும் கொண்டு முகாமுக்கு வந்தார். பதினான்கு பெயரும் கொப்பியில் இருந்தன. அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். அவருடைய கணக்குக்கு அது நியாயமான முடிவுதான். பலகை படத்தில் உள்ளது என்றால் படத்தில் உள்ளபடி இருக்கட்டும். கதிரையில் இருப்பவர் சாவியைத் தட்ட விளக்கு எரியட்டும். அது விளையாட்டுச் சாமான், கொண்டுபோகலாம். தூரத்திலிருந்து இழுக்கிற எதுவும் போகக் கூடாது. வயர் இங்கேயே இருக்கட்டும்.

முகாமின் ஈயம் உருக்குகிற கோலால், இரண்டு படையாட்கள் பக்கத்தில் நிற்க, அவள் தன் வேலையைத் தானே பிரித்தாள். சிவப்பைச் சுரண்டிய பல்புகளுக்குப் பச்சைப் பெயின்றை ஒரு படையாள் பெடியன் ட்ரக் கொட்டிலிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தான். நன்றாக எரிகிறது என்று கைதட்டவும் செய்தான். பலகையைத் திருப்பியபோது சாவிகளின் பின்னால் தபால் திணைக்கள முத்திரை இருந்ததை அதிகாரி கண்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

இருபத்துமூன்றாம் தேதி விட்டார்கள். இருபத்துநான்காம் தேதி கந்தோருக்குப் போனபோது தபாலதிபர் வீரகத்தி ஒரு கடிதத்தை மேசைக்குக் குறுக்கே தள்ளினார். அரச சொத்தை எடுத்த விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து இடைநிறுத்தம்.

"குப்பையில கிடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும் ஐயா. நீங்களும் பாத்தீங்க."

"நான் ஒண்டையும் பாக்கல்ல, புள்ள" என்றார் வீரகத்தி. "எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூணு வரிசம் கிடக்கு."

நத்தாரன்று அவள் பலகையோடு வாவி கடந்தாள். வேறு போகவும் இடமில்லை. துறையில் இந்தமுறை முகாம் அதிகாரி கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

நிறுவனத்துக்காரர்களில் ஒருவன் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான். பற்றறியைக் கொழுவினார்கள். அவன் ஒவ்வொரு பெயராக வாசித்துச் சாவியைத் தட்ட, பச்சை எரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு பச்சைக்கும் கத்தின. கை இல்லாத பிள்ளை காலால் கட்டிலை உதைத்தது. படத்தில் உள்ளபடியே இருந்தது. வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

சீதேவிப்பிள்ளை மட்டும் கடைசிக் கட்டிலைப் பார்த்தாள். ரெலிபோன் அக்கா உனக்கொரு கயிறு கொண்டுவருவா என்று புஸ்பம் சுலோஜினிக்கு ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளையின் கை கட்டில் சட்டத்தை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது. கயிறு தேடுகிறது. கதிரையில் இருந்தவன் பதினான்காவது பெயரை வாசித்தான். பச்சை எரிந்தது. சுலோஜினி நல்ல பிள்ளை.

சீதேவிப்பிள்ளை நொண்டி நொண்டி அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்து போர்வையைத் தூக்கினாள். மணம் முதலில் வந்தது. மாக்கட்டின் ஓரம் ஊறிப் பஞ்சாகியிருந்தது. விரிப்பு நனைந்து குளிர்ந்து கிடந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். முதுகின் அடியில் தோல் சிவந்து, ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு உரிந்திருந்தது. பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் சுவரைப் பார்த்தது. மண்டபத்தின் மறு நுனியில் அதன் பெயருக்கு மேல் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. பின்னேரம் பற்றறி இறங்கும்வரை எரிந்தது.

துறை மூடிவிட்டதால் அன்று அவள் விடுதியிலேயே தங்கினாள்.

அடுத்த நாள் காலை எழும்பி முகம் கழுவிவிட்டு, பதினான்காவது கட்டிலிலிருந்து புஸ்பத்தின் மேசைவரை நடந்து பார்த்தாள். முப்பத்திரண்டு அடி. மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு, பசிக்குது என்று மண்டபம் அதிரக் கத்தியது. நல்ல தொண்டை.

"புஸ்பம், அந்தக் கால்மாட்டப் பிடிகா."

"எங்க கொண்டு போற?"

"இஞ்ச. உன்ர மேசைக்கு. இந்தக் கத்துறவன அங்க கொண்டு போடு."

சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். "வந்த ஒழுங்கிலதானே கட்டில் போட்டிருக்கு. கொப்பியிலயும் அப்படித்தான் கிடக்கு."

"ஒழுங்கு கொப்பியில கிடக்கட்டும், சிஸ்டர். புள்ள இஞ்ச கிடக்கட்டும்."

மாக்கட்டு ஆடாமல் இரண்டு பேரும் கட்டிலோடு தூக்கி வைத்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வயர் தேவைப்படவில்லை, பல்பு தேவைப்படவில்லை, யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. புஸ்பம் கட்டில் கிடந்த பழைய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"ஒருத்தருக்கும் இது மூளையில ஓடல்லயே."

"ஓடல்லத்தான்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "லைற்றப் பாத்துக்கொண்டு நிண்டம்."

பலகையை மேசையிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாத்தினாள். அந்த இடத்தில் சுடுதண்ணீர்க் கோப்பையையும் துணியையும் வைத்து, பிள்ளையை ஒரு பக்கமாகத் திருப்பி, உரிந்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.